மாலத்தீவுக்கு எதற்கு மலைக் கணக்கு?

1996-ல் ஐ.நா.விலிருந்து ஒரு புத்தகம் வந்தது. அட்டையின் நிறத்தை வைத்து அதை நீலப் புத்தகம் என்றே அழைத்தார்கள். ஒரு நாடு நிலையான வளர்ச்சியின் பாதையில்தான் போகிறதா என்று தெரிந்துகொள்ள எதையெல்லாம் அளக்க வேண்டும் என்ற பட்டியல் அதில் இருந்தது. மொத்தம் 134 குறிகாட்டிகள். அவற்றில் மூன்று மலைப் பகுதிகளைப் பற்றியவை: மலைப் பகுதியில் மக்கள்தொகை எப்படி மாறுகிறது, மலை வளங்களை அளவோடு பயன்படுத்துகிறார்களா, மலைமக்களின் நலம் எப்படி இருக்கிறது. இந்தப் பட்டியலை எங்கள் நாட்டில் சோதித்துப் பார்க்கிறோம் என்று முன்வந்த 22 நாடுகளில் மாலத்தீவும் ஒன்று. அந்த நாட்டின் ஆக உயரமான இயற்கை மேடே கடல்மட்டத்திலிருந்து சுமார் இரண்டரை மீட்டர்தான்.

சிரிப்பு வரும். ஆனால் இந்தப் பொருத்தமின்மையைக் கண்டுபிடிக்கத்தான் அந்தச் சோதனையே நடந்தது. எனக்கு அந்த 1996 முதல் 1999 வரையான வேலைமீது தனி மரியாதை உண்டு. அதற்குப் பிறகு வந்த இலக்குப் பட்டியல்களுக்குக் கிடைத்த விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைக்கவில்லை.

பின்கதை சுருக்கமாக. 1992-ல் ரியோ டி ஜெனிரோவில் புவி உச்சி மாநாடு. அங்கே ஏற்கப்பட்ட 'அஜெண்டா 21' ஆவணத்தின் 40-வது அத்தியாயம், முடிவெடுக்கத் தகவல் வேண்டும், அதற்குக் குறிகாட்டிகள் வேண்டும் என்றது. 1995-ல் ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி ஆணையம் அதற்கான வேலைத்திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அடுத்த ஆண்டு பட்டியல் தயார். ஒவ்வொரு குறிகாட்டிக்கும் ஒரு விளக்கத் தாள்: இதை எப்படிக் கணக்கிடுவது, எந்தத் தரவு வேண்டும், இது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது. அப்புறம் நாடுகளிடம் "எடுத்துப் பாருங்கள், உங்கள் ஊரில் இது நடக்குமா?" என்று கேட்டார்கள். கானா, கென்யா, தென்னாப்பிரிக்கா, பிரேசில், கோஸ்டாரிகா, பின்லாந்து, ஜெர்மனி, சீனா என்று பல தரப்பட்ட நாடுகள் வந்தன. நம் பக்கத்திலிருந்து பாகிஸ்தானும் மாலத்தீவும் சேர்ந்தன. இந்தியா சேரவில்லை.

சோதித்தவர்கள் என்ன சொன்னார்கள்? முதலில், 134 ரொம்ப அதிகம். இரண்டாவது, தரவு இல்லை. இருந்தாலும் ஒரு துறையிடம் இருப்பது இன்னொரு துறைக்குத் தெரியாது. மூன்றாவதுதான் எனக்குச் சுவாரசியமானது. பட்டியல் முழுவதையும் 'உந்துவிசை, நிலை, எதிர்வினை' என்ற மூன்று கட்டங்களில் அடுக்கியிருந்தார்கள். ஆற்றில் கழிவு கலக்கிறது, அது உந்துவிசை. தண்ணீர் கெடுகிறது, அது நிலை. சுத்திகரிப்பு நிலையம் கட்டுகிறோம், அது எதிர்வினை. சுற்றுச்சூழலுக்கு இது ஓரளவு பொருந்தியது. வறுமைக்கும் கல்விக்கும் வந்தபோது கட்டங்கள் உதவவில்லை. பெண் குழந்தைகள் பள்ளிக்குப் போகாதது உந்துவிசையா, நிலையா? இரண்டும்தான். கடைசியில் அந்தக் கட்டமைப்பையே கைவிட்டார்கள். 2001-ல் வந்த அடுத்த பதிப்பில் 15 கருப்பொருள்களின் கீழ் 58 குறிகாட்டிகள்தான் மிஞ்சின.

134 போய் 58. தாங்கள் போட்ட பட்டியலில் பாதிக்கு மேல் வெட்டி எறிய ஒரு சர்வதேச அமைப்பு சம்மதித்தது என்பதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை.

சோதனைக்குப் போன நாடுகளில் பிரிட்டன் செய்த ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். 1999-ல் அவர்கள் தங்களுக்கென்று 15 முதன்மைக் குறிகாட்டிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பொருளாதார வளர்ச்சி, வேலைவாய்ப்பு, காற்றின் தரம் இவற்றோடு காட்டுப் பறவைகளின் எண்ணிக்கையும் இருந்தது. பறவையா என்று முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அங்கே பல பத்தாண்டுகளாகத் தன்னார்வலர்கள் ஒரே முறையில் பறவைகளை எண்ணி வைத்திருந்தார்கள். தரவு ஏற்கெனவே கையில் இருந்தது. வயல்வெளிப் பறவைகள் 1970-க்குப் பிறகு மளமளவென்று குறைந்துகொண்டே வந்ததை அந்த எண்ணிக்கையின் வரைபடக் கோடு காட்டியது. உரம், பூச்சிக்கொல்லி, வேலியோரப் புதர்கள் அழிக்கப்பட்டது என்று வேளாண்மை முறையில் நடந்த மாற்றங்கள் எல்லாம் அந்த ஒரு கோட்டில் தெரிந்தன. பிறகு அரசு அதையே இலக்காக வைத்து, 2020-க்குள் சரிவைத் திருப்பிக் காட்டுவோம் என்றது. திருப்ப முடியவில்லை. ஆனால் முடியவில்லை என்பது மறைக்க முடியாத எண்ணாக எல்லோர் கண்முன்னும் இருந்தது. நல்ல குறிகாட்டியிடம் நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

2015-ல் வந்த நிலையான வளர்ச்சி இலக்குகளில் இந்த வரிசை தலைகீழானது. 17 இலக்குகள், 169 உள்ளிலக்குகள் முதலில் முடிவாயின. அளப்பது எப்படி என்பது பிறகு வந்தது. குறிகாட்டிகளை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். முதல் அடுக்கில் முறையும் உண்டு, தரவும் உண்டு. இரண்டாவதில் முறை உண்டு, நாடுகள் தரவை ஒழுங்காக எடுப்பதில்லை. மூன்றாவது அடுக்கில் அளக்கும் முறையே இன்னும் உருவாகவில்லை. அளக்கத் தெரியாததை அளப்போம் என்று உலக நாடுகள் எல்லாம் ஒப்புக்கொண்டிருந்தன! 2020 வாக்கில் மூன்றாம் அடுக்கைக் காலி செய்துவிட்டார்கள். சிலவற்றுக்கு முறை வகுத்தார்கள், சிலவற்றை மாற்றினார்கள் அல்லது நீக்கினார்கள். தாமதமாக நடந்தாலும் இதுவும் ஒரு சோதனைதான். ஆனால் இலக்கு அறிவித்த பின் செய்யும் சோதனையில், "இது எங்களுக்கு ஒத்துவராது" என்று சொல்லும் துணிச்சல் நாடுகளுக்குக் குறைந்துவிடுகிறது.

இதெல்லாம் நியூயார்க்கில் நடப்பவை. குறிகாட்டி உண்மையில் சோதனைக்கு உள்ளாகும் இடம் ஒரு வீட்டு வாசல். சில வருடங்களுக்கு முன் சிவகங்கைப் பக்கம் ஒரு வீட்டுக் கணக்கெடுப்பில் பயிற்சி உதவிக்காகப் போயிருந்தேன். கேள்வி கேட்ட பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கையில் டேப்லெட். திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம், "குடிக்கிற தண்ணி எங்கிருந்து எடுக்கிறீங்கம்மா?" என்று கேட்டார்.

"எந்த மாசத்தைக் கேக்குற தாயி?"

அந்தப் பெண் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அந்த அம்மா கீரையை ஆய்ந்தபடியே வரிசையாகச் சொன்னார். பஞ்சாயத்துக் குழாயில் ரெண்டு நாளைக்கு ஒருதரம் வரும், அது சமையலுக்கு. குடிக்க மகன் கேன் தண்ணீர் வாங்கிப் போடுவான். அவன் ஊரில் இல்லையென்றால் குழாய்த் தண்ணியைக் காய்ச்சிக் குடிப்பேன். சித்திரை, வைகாசியில் குழாய் நின்றுவிடும், டிராக்டரில் டேங்க் வரும். பாத்திரம் தேய்க்க, துணி துவைக்கப் பக்கத்து வீட்டு போர். டேப்லெட்டில் ஒரு விடையைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். "பெரும்பாலும் எதும்மா?" என்று கேட்டு, கேன் தண்ணீர் என்று குறித்துவிட்டு அந்தப் பெண் அடுத்த கேள்விக்குப் போனார். அவர் செய்தது விதிப்படி சரி.

என்னை யோசிக்க வைத்தது வேறு. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் 'மேம்பட்ட குடிநீர் ஆதாரம்' என்ற வகையில் என்னென்ன அடங்கும் என்று எடுத்துப் பாருங்கள். வீட்டுக் குழாய், பொதுக் குழாய், ஆழ்துளைக் கிணறு, மூடிய கிணறு, மழைநீர், டேங்கர் லாரி, சிறு தொட்டி வண்டி, பாட்டில் தண்ணீர், ஊர்ப்பொது ஆர்.ஓ. நிலையம் எல்லாமே அதில் வந்துவிடும். அந்த அம்மா எந்த மாதத்தைச் சொல்லியிருந்தாலும், எந்த விடையைக் குறித்திருந்தாலும், கணக்கில் அவர் வீடு 'மேம்பட்ட ஆதாரம்' உள்ள வீடுதான். அந்தச் சுற்றில் நாடு முழுவதற்கும் வந்த எண் 95.9 விழுக்காடு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தச் சென்னையில் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவரும் இந்த வரையறைப்படி மேம்பட்டவர்தான்.

கணக்கெடுத்தவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வரையறை அச்சிலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உலக அளவிலும் நெடுங்காலம் இப்படித்தான் நடந்தது. 2015 வரை நடப்பில் இருந்த ஐ.நா.வின் புத்தாயிரம் இலக்குகளின் காலத்தில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் கேட்டு, அது சுத்தமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். 2012 மார்ச்சில் குடிநீர் இலக்கை எட்டிவிட்டோம் என்று அறிவிப்பும் வந்தது.

பக்கத்தில் வங்கதேசத்தில் ஒரு சோதனை நடந்தது. 2012-13-ல் யுனிசெஃப் துணையோடு எடுத்த வீட்டுக் கணக்கெடுப்பில், கேள்வி கேட்டதோடு நிற்காமல், "நீங்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு தம்ளர் கொடுங்கள்" என்று வாங்கிச் சோதித்தார்கள். 100 மில்லி தண்ணீரை வடிகட்டி, ஊடகத் தட்டில் வைத்து, மறுநாள் ஈ.கோலை கிருமிகள் வளர்ந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது. அதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை, களத்துக்குப் போகும் குழுவே செய்துவிடலாம். அந்த நாட்டில் 'மேம்பட்ட ஆதாரம்' உள்ளவர்கள் 97 விழுக்காட்டுக்கு மேல். ஆனால் சோதித்த தம்ளர்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஈ.கோலை இருந்தது. ஆதாரத்தில் சுத்தமாக இருந்த தண்ணீர்கூடக் குடத்துக்கும் தம்ளருக்கும் வருவதற்குள் கெட்டுப்போயிருந்தது. அடிகுழாய்த் தண்ணீரில் ஆர்சனிக் சேர்ந்திருந்த ஊர்களின் கதை தனி. அந்தக் குழாய்களும் 'மேம்பட்ட ஆதாரம்' என்றே கணக்கில் இருந்தன.

இப்படிப்பட்ட சோதனைகளுக்குப் பிறகுதான் புதிய இலக்கில் 'பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் குடிநீர்' என்ற குறிகாட்டி வந்தது. வீட்டு வளாகத்திலேயே கிடைக்க வேண்டும், வேண்டும்போது கிடைக்க வேண்டும், கிருமியும் ஆர்சனிக், புளோரைடு போன்றவையும் வரம்புக்குள் இருக்க வேண்டும். அளவுகோல் மாறியதும் என்ன ஆனது? 2015 நிலவரப்படி மேம்பட்ட ஆதாரம் இல்லாதவர்கள் உலகில் 66.3 கோடி என்று முதலில் சொல்லியிருந்தார்கள். புதிய அளவுகோலை வைத்து 2017-ல் அதே ஆண்டைக் கணக்கிட்டபோது பாதுகாப்பான குடிநீர் இல்லாதவர்கள் 210 கோடி. ஒரு குடம் தண்ணீர்கூட இடம் மாறவில்லை. அப்படியும் அந்தப் புதிய குறிகாட்டி, கேன் வாங்க மகன் செலவழிக்கும் பணத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. உள்ளிலக்கின் வாசகத்தில் 'கட்டுப்படியாகும் விலையில்' என்று இருக்கிறது, குறிகாட்டியில் அது விழுந்துவிட்டது.

காட்டுக் கணக்கிலும் இதே சங்கதி. இந்திய வன அளவை நிறுவனம் 1987-லிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் அறிக்கை வெளியிடுகிறது. வனப்பரப்பு என்று அதில் சேர இரண்டே நிபந்தனை: ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம், செயற்கைக்கோளிலிருந்து பார்த்தால் 10 விழுக்காடாவது மரக்கூரை தெரிய வேண்டும். நிலம் யாருடையது, மரம் எந்த வகை என்று பார்ப்பதில்லை. ஆகவே பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் வனப்பரப்புதான், கன்னியாகுமரி ரப்பர் தோட்டமும் வனப்பரப்புதான். ராமநாதபுரத்தில் அடர்ந்து கிடக்கும் சீமைக்கருவேலமும் இந்த வரையறையில் மரக்கூரையாகிவிடும். நீதிமன்றம் தலையிட்டு, அரசு கொள்கை வகுத்து, அந்த மரத்தை வேரோடு பிடுங்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிடுங்கினால் நிலையான வளர்ச்சிக் கணக்கில் மதிப்பெண் குறையும். 2023 அறிக்கையில் நாட்டின் வனப்பரப்பு 21.76 விழுக்காடு. அந்த எண் பொய்யில்லை. பச்சை எவ்வளவு என்ற கேள்விக்கு அது சரியான விடை. காட்டுமாடும் இருவாச்சியும் வாழ இடம் எவ்வளவு என்ற கேள்விக்கு அதைக் கொண்டுபோய் விடையாக வைக்கும்போதுதான் தகராறு.

இப்போது தரவரிசைக்கு வருகிறேன். 2018 முதல் மத்திய அரசின் நிதி ஆயோக், நிலையான வளர்ச்சி இலக்குகளில் எவ்வளவு முன்னேறியிருக்கின்றன என்று மாநிலங்களுக்கு மதிப்பெண் போடுகிறது. 2023-24 அறிக்கையில் கேரளமும் உத்தராகண்டும் 79, தமிழ்நாடு 78, நாட்டின் மொத்த மதிப்பெண் 71. வெளியான அன்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு நாள் முழுக்க இதுதான் ஓடியது. தமிழ்நாடு 2018-ல் 66 வாங்கியது, ஆறு ஆண்டில் 12 மதிப்பெண் ஏற்றம் என்று பெருமையாகப் பகிர்ந்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் 2018-ல் 62 குறிகாட்டிகளை வைத்துக் கணக்கிட்டார்கள். அடுத்த முறை 100, அதற்கடுத்து 115, கடைசியாக 113. வினாத்தாள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஏற்றத்தில் எவ்வளவு வளர்ச்சியால் வந்தது, எவ்வளவு குறிகாட்டி மாற்றத்தால் வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் 66-ஐயும் 78-ஐயும் அருகருகே வைக்க முடியாது. கணக்கிடும் முறையும் எளிமையானது: ஒவ்வொரு குறிகாட்டியையும் 0 முதல் 100 வரைக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு இலக்குக்குள்ளும் சம எடை கொடுத்துச் சராசரி எடுத்து, அந்த இலக்கு மதிப்பெண்களுக்கும் சம எடை கொடுத்துச் சராசரி எடுப்பது. சம எடை என்பதும் ஒரு முடிவுதான், அதை யாரோ எடுத்திருக்கிறார்கள்.

பேறுகால இறப்பு விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்பு, இறப்புகளை மாதிரிப் பகுதிகளில் மட்டும் எண்ணும் மாதிரிப் பதிவு முறைப்படி 2018-20-ல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19, நாட்டில் 97. கேரளத்துக்கு முந்தைய கணக்கில் இது 30. ஒரே சுற்றில் 30-லிருந்து 19 என்றால் மருத்துவத்தில் ஏதோ புரட்சி நடந்தது போலத் தோன்றும். நடந்திருக்கலாம். ஆனால் நல்ல வேளையாக இந்த இறப்புகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு, மாதிரியில் சிக்குபவை இன்னும் குறைவு. அதனால்தான் மூன்று ஆண்டுகளைச் சேர்த்து ஒரு எண்ணாகத் தருகிறார்கள். உண்மையான விகிதம் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற வரம்பையும் அறிக்கை சேர்த்தே அச்சிடுகிறது. செய்தித்தாளில் அந்த வரம்பு வந்து நான் பார்த்ததில்லை. தரவரிசை அட்டவணையிலும் அதற்கு இடமில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு ஓட்டை. 'இத்தனை விழுக்காடு மக்கள்' என்று சொல்லும்போது வகுக்க ஒரு மக்கள்தொகை வேண்டும். நம்மிடம் இருப்பது 2011 கணக்கு. 2021-ல் நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை. இப்போது 2027 மார்ச் 1 என்று தேதி அறிவித்திருக்கிறார்கள். அதுவரை எல்லாம் மதிப்பீட்டுத் தொகைதான். திருப்பூர் போல ஆட்கள் வந்து குவிந்த ஊரிலும், இளைஞர்கள் காலி செய்துவிட்டுப் போன கிராமத்திலும் அந்த மதிப்பீடு ஒரே அளவு சரியாக இருக்குமா?

இவ்வளவு சொன்னதால் குறிகாட்டிகளே வேண்டாம் என்று நினைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலத்தடி நீருக்கு நம் மாநிலத்தில் 2022 மதிப்பீட்டில் செய்தது எனக்குப் பிடித்த உதாரணம். அதில் மாவட்டச் சராசரியோடு நிற்கவில்லை. மாநிலத்தை 1,166 பிர்க்காக்களாக, அதாவது சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு எவ்வளவு நீர் ஊறுகிறது, எவ்வளவு எடுக்கிறோம் என்று கணக்கிட்டார்கள். எடுப்பது ஊறுவதில் 70 விழுக்காடு வரை என்றால் பாதுகாப்பு, 90 வரை பாதி அபாயம், 100 வரை அபாயம், அதைத் தாண்டினால் அதிநுகர்வு. மாநிலத்தின் மொத்த எண்ணைப் பார்த்தால் ஏதோ சமாளிக்கிறோம் என்று தோன்றும். பிர்க்கா வரைபடத்தை விரித்தால் சிவப்புத் திட்டுகள் தெரியும், அதற்குப் பக்கத்திலேயே பாதுகாப்பான பிர்க்காவும் தெரியும். மாநிலச் சராசரியை வைத்து யாரும் போர் போடுவதில்லை. தன் நிலம் இருக்கும் பிர்க்காவில்தான் போடுகிறார்கள். ஊறும் நீரின் மதிப்பீட்டில் ஆயிரம் குறை இருந்தாலும், தண்ணீரைப் பற்றி முடிவெடுக்கும் ஆளுக்கு எட்டும் தூரத்தில் இந்த எண் இருந்தது.

2030-ல் இந்த 17 இலக்குகளின் கெடு முடிகிறது. அடுத்த பட்டியல் ஒன்று நிச்சயம் வரும், அதற்கான பேச்சும் அதற்கு முன்பே தொடங்கிவிடும். 1996-ல் செய்தது போல இந்த முறை முதலில் சோதனை நடந்தால் நல்லது, அதில் இந்தியாவும் கை தூக்க வேண்டும். பெரிய செலவில்லை. 2027 கணக்கெடுப்பு முடிந்த கையோடு பத்துக் குறிகாட்டிகளை எடுத்துக்கொண்டு, வறண்ட மாவட்டத்தில் ஒரு பிர்க்கா, டெல்டாவில் ஒன்று, மலையில் ஒன்று, சென்னையில் ஒரு வார்டு என்று ஒரு வருடம் ஓட்டிப் பார்க்கலாம். குடிநீர்க் கேள்வியைச் சித்திரையில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை என்று இரண்டு தரம் கேட்கச் சொல்வேன். கூடவே ஒரு தம்ளர் தண்ணீரும் வாங்கிச் சோதிக்கச் சொல்வேன்.